வாடகை பயமில்லாத வியன்னா வீடுகள்

வாடகை வீட்டில் குடியிருக்கும் பெண்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. எந்த டாக்டரிடமும் அதற்கு மருந்து கிடையாது. மாசப் பிறப்பு நெருங்கும்போது வீட்டுக்காரர் மாடிப்படி இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். "அடுத்த மாசத்திலேருந்து ஐந்நூறு சேர்த்துக் கொடுத்துடுங்க" என்பாரா, "பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், வீட்டைக் காலி பண்ணிக் கொடுங்க" என்பாரா என்று தெரியாது. காலி பண்ணுவது என்றால் சும்மாவா? பள்ளிக்கூடம், பால்காரர், அவசரத்துக்கு ஓடும் டாக்டர், ஒரு கரண்டி காப்பிப்பொடி கேட்கக்கூடிய அடுத்த வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்த வியாதிக்கு ஒரு நகரசபை நூறு வருஷத்துக்கு முன்பே வைத்தியம் செய்து பார்த்திருக்கிறது. முழுசாகக் குணமாகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் தணிந்திருக்கிறது. அதை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

போன வருஷம் என் தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்காக வியன்னாவுக்குப் போய் நான்கு மாசம் தங்கியிருந்தேன். ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம். ஜனத்தொகை இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அங்கே இருக்கும் அரண்மனைகளையும் சங்கீத மண்டபங்களையும் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குழந்தைக்குப் பத்தியமும் தாய்க்குப் பூண்டுக் குழம்பும் பார்க்கப் போன என் கண்ணில் பட்டது வீடுகள்தாம்.

என் தங்கை குடியிருப்பது நகரசபை கட்டி வாடகைக்கு விட்ட வீடு. அங்கே அதற்குக் 'கெமைண்டபௌ' என்று பெயர். அதற்கு முன்னால் அவர்கள் ஒரு தனியார் வீட்டில் இருந்தார்கள். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூத்த குழந்தையை ஒரு கையிலும் குழந்தை வண்டியை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறாள். மூன்று வருஷ ஒப்பந்தம்.

"மூணாவது வருஷம் பிறந்தா எனக்குத் தூக்கமே வராதுக்கா. நீட்டுவாங்களா மாட்டாங்களான்னு கடைசி மாசம் வரைக்கும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

"இப்போ?"

"இப்போ ஒப்பந்தத்துலே முடிவு தேதின்னு ஒண்ணே கிடையாது. வாடகையை ஒழுங்கா கட்டி, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாம இருந்தா யாரும் கிளம்புன்னு சொல்ல முடியாது."

மனு போட்டு இரண்டரை வருஷம் காத்திருந்து கிடைத்த வீடு. வாடகை அவள் கணவர் சம்பளத்தில் கால் பங்குக்கும் கீழே. மிச்சமாகும் பணத்தில் மூத்தவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறாள், ஊருக்கு வந்து போக டிக்கெட்டுக்குச் சேர்த்து வைக்கிறாள்.

ஒரு நகரசபையால் எப்படி இது முடிந்தது? தெரிந்துகொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அவள் கணவர் பார்த்துக்கொள்ள, நான் மட்டும் ரயிலேறிக் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பைப் பார்க்கப் போனேன். ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒரே கட்டிடம்! 1,382 வீடுகள். 1930-ல் திறந்தது. அதற்குள்ளேயே பழைய துணி துவைக்கும் கூடத்தில் இந்த வீடுகளின் கதையைச் சொல்லும் ஒரு சின்னக் கண்காட்சி இருக்கிறது. 2010-லிருந்து நடக்கிறது.

தண்ணீர் வெளியே, வியாதி உள்ளே

முதல் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் வியன்னா தொழிலாளிக் குடும்பங்கள் இருந்த நிலையைக் கேட்டால் வயிறு கலங்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். குழாய் நடைபாதையில். மாடியிலுள்ள எல்லாக் குடும்பங்களும் அங்கேதான் வரிசையில் நின்று பிடிக்க வேண்டும். கக்கூஸும் நடைபாதையில்தான். சமையலறை ஜன்னல் வெளிக்காற்றுக்குத் திறக்காது, அந்த நடைபாதைக்குத் திறக்கும். வாடகை கட்ட முடியாதவர்கள், வேலைக்குப் போய்விட்டு வருபவர்களுக்குப் படுக்கையை மட்டும் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். வயசுப் பெண் இருக்கும் வீட்டில் அந்நிய ஆண் வந்து படுத்துவிட்டுப் போவான். அந்தத் தாய் எப்படித் தூங்கியிருப்பாள்?

வெளிச்சமும் காற்றும் இல்லாத அந்த வீடுகளில் காசநோய் பரவியது. எவ்வளவு என்றால், காசநோய்க்கே 'வியன்னா வியாதி' என்று ஒரு பெயர் இருந்தது.

1919 மே மாசம் நகரசபைத் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு அந்த வருஷத்திலிருந்துதான் வோட்டு. சமூக ஜனநாயகக் கட்சி பெரும்பான்மையோடு வந்தது. அடுத்து 1922 ஜனவரியில் வியன்னா தனி மாநிலமும் ஆயிற்று. இது ரொம்ப முக்கியம். ஏனென்றால், மாநிலம் என்ற அந்தஸ்து வந்ததும் சொந்தமாக வரி போடும் அதிகாரமும் வந்துவிட்டது. வீட்டில் சம்பளக் கவர் கைக்கு வந்தால்தானே நாம் பட்ஜெட் போட முடியும்?

பணம் எங்கிருந்து வந்தது?

நகரசபையின் நிதிப் பொறுப்பை ஏற்றவர் ஹூகோ பிரைட்னர். பாங்கில் டைரக்டராக இருந்தவர். கணக்கில் புலி. அவர் போட்ட திட்டத்தை நம் குடும்பக் கணக்கு மாதிரி எளிமையாகச் சொல்கிறேன்.

யுத்த காலத்தில், 1917-ல், வாடகையை ஏற்றக்கூடாது என்று அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்தது. பிறகு பணவீக்கம் வந்து பணத்துக்கு மதிப்பே போய்விட்டது. கட்டுப்பட்டிருந்த வாடகை ஒன்றுமில்லாமல் ஆயிற்று. லாபமில்லை என்பதால் தனியார் யாரும் வீடு கட்டவில்லை; மனைகளின் விலை விழுந்தது. அந்தச் சமயம் பார்த்து நகரசபை நிலம் நிலமாக வாங்கிப் போட்டது. விலை இறங்கியபோது துவரம்பருப்பு வாங்கிச் சேர்த்து வைக்கிற சாமர்த்தியம்தான், வேறென்ன!

அடுத்தது 1923 பிப்ரவரியில் வந்த வீட்டு வரி. வீடு கட்ட மட்டுமே செலவழிக்க வேண்டிய வரி. எல்லோரும் கட்ட வேண்டும், ஆனால் ஏற்றத்தாழ்வோடு. ஒரு அறைக்காரர் கட்டுவது சில்லறை, மாளிகைக்காரர் கட்டுவது மூட்டை. மிக விலையுயர்ந்த அரை சதவீதக் கட்டிடங்களிலிருந்து மட்டும் மொத்த வரியில் 44 சதவீதம் போல வந்ததாம்! இது போதாதென்று மோட்டார் கார், ஷாம்பேன், வீட்டில் கூட்டமாக வேலையாட்கள் வைத்துக்கொள்வது இவற்றுக்கெல்லாம் ஆடம்பர வரி. பணக்காரர்கள் பிரைட்னரைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் அசையவில்லை.

முக்கியமான சூட்சுமம் இனிமேல்தான் வருகிறது. வீட்டைப் பெரும்பாலும் வரிப்பணத்தில் கட்டியாயிற்று. ஆகவே கட்டின செலவையும் அதன் வட்டியையும் வாடகையாக வசூலிக்கத் தேவையில்லை. கட்டிடத்தைப் பராமரிக்க ஆகும் செலவு மட்டும் வாடகை. அது ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் சுமார் 4 சதவீதம்தான் இருந்தது. நூறு ரூபாய் சம்பளத்தில் நாலு ரூபாய் வாடகை!

1923-ல், ஐந்து வருஷத்தில் 25,000 வீடு கட்டுவோம் என்றார்கள், கட்டினார்கள். 1934-க்குள் 60,000-க்கும் மேல் ஆகிவிட்டது. சுமார் இரண்டு லட்சம் பேர் குடியேறினார்கள். யாருக்கு வீடு என்பதற்கு மதிப்பெண் முறை. குழந்தைகள் அதிகமா, வீட்டில் நோயாளியா, இப்போது தங்க இடமே இல்லையா என்று பார்த்து மதிப்பெண்.

பல கட்டிடங்களின் சுவரில் பெரிய எழுத்தில், 'வீட்டு வரியிலிருந்து வியன்னா நகரசபை கட்டியது' என்ற பொருள்பட எழுதி, வருஷமும் போட்டிருக்கிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று சுவரே சாட்சி சொல்கிறது.

சின்ன வீடு, பெரிய முற்றம்

வீடுகள் பெரிசு என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் கட்டிய வீடுகளில் முக்கால்வாசி 38 சதுர மீட்டர்தான். நம் கணக்கில் சுமார் 400 சதுர அடி. மற்றவை 48 சதுர மீட்டர். குளியலறை கிடையாது, குளிக்கப் பொதுக் குளியல் கூடத்துக்குப் போக வேண்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீர்க் குழாய், தனிக் கக்கூஸ், காஸ் அடுப்பு, சமையலறைக்கு நேர் வெளிச்சம் இத்தனையும் உண்டு. அந்த நடைபாதை ஜன்னல் ஒழிந்தது!

வீடு சின்னதாக இருக்கட்டும், வெளி பெரிசாக இருக்கட்டும் என்பதுதான் திட்டம். முன்பெல்லாம் மனையில் 85 சதவீதம் வரை கட்டிடமாக இழைத்துவிடுவார்கள். நகரசபை பாதிக்கு மேல் கட்டக்கூடாது என்று வைத்துக்கொண்டது. நடுவில் மரங்களும் புல்வெளியும் வைத்த முற்றம். முற்றம் வழியாகத்தான் வீட்டு மாடிப்படிக்கே போக வேண்டும். தெருவுக்கு ஓடாமல் குழந்தைகள் விளையாடலாம். கார்ல் மார்க்ஸ் ஹோஃபில் இரண்டு துவைக்கும் கூடம், இரண்டு குளியல் கூடம், பல் வைத்தியசாலை, தாய்மார் ஆலோசனை நிலையம், புஸ்தகசாலை, மருந்துக் கடை, தபாலாபீஸ் எல்லாம் குடியிருப்புக்குள்ளேயே.

குழந்தைகள் பள்ளியையும் இதே கவனத்தோடு நடத்தினார்கள். கெதே ஹோஃப் என்ற குடியிருப்பில் மாண்டிசோரி முறையில் ஒரு பாலர் பள்ளி இருந்தது. ஆமாம், 1939-ல் நம் அடையாறுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தாரே, அதே மாண்டிசோரி அம்மையாரின் முறைதான்.

மாசத்துக்கு ஒரு துவையல் நாள்

நான் நின்று நிதானமாகப் பார்த்தது துவைக்கும் கூடத்தின் கதையைத்தான். வாஷிங் மெஷினில் துணியைப் போட்டுவிட்டு சீரியல் பார்க்கும் நமக்கு அந்தக் காலத்துத் துவையல் மறந்துவிட்டது. சமையலறை அடுப்பிலேயே அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, துணியை வேகவைத்து, அந்த ஆவியிலேயே குழந்தையும் படுத்திருக்க, ஈரத்துணியை அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் கட்டி உலர்த்த வேண்டும். குளிர் தேசத்தில் வேறு வழி? அந்த ஈரம்தான் மார்ச்சளிக்கும் காசத்துக்கும் விருந்து வைத்தது.

நகரசபை, துவைக்கிற வேலையை வீட்டை விட்டே வெளியே எடுத்துவிட்டது. கூடத்தில் இயந்திரங்கள், பிழியும் யந்திரம், சூடான காற்றில் உலர்த்தும் சட்டங்கள், தேய்க்கும் உருளை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாசத்தில் ஒரு நாள் முறை. அன்று போனால் மாசத் துணி முழுவதையும் துவைத்து, உலர்த்தி, தேய்த்து மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஒரு விஷயம் கேளுங்கள். மேற்பார்வையாளரைத் தவிர வேறு ஆண்கள் அந்தக் கூடத்துக்குள் வரக்கூடாது என்பது விதி. சூட்டில் ஆடை தளர்த்தி வேலை செய்யும் பெண்களுக்குக் கூச்சமில்லாமல் இருக்க வேண்டும் என்று போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் துவையல் என்பது பெண்ணின் தலையெழுத்து என்று அதே விதி எழுதியும் வைத்துவிட்டது அல்லவா?

என் தங்கைக்கு அடுத்த வீட்டில் இருக்கும் பாட்டி எண்பதைத் தாண்டியவர். இப்படிப்பட்ட குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் இதைக் கேட்டேன். தங்கை மொழிபெயர்த்தாள்.

"துவையல் நாள் அம்மாவுக்கு இடுப்பு ஒடிஞ்சு போகும். ஆனா அன்னிக்குத்தான் அம்மா வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்த்திருக்கேன். மத்த நாளெல்லாம் தனியா வேலை செய்வா. அன்னிக்கு மட்டும் கூட நாலு பேர் இருப்பாங்க" என்றார் பாட்டி.

பிறந்த குழந்தைக்கு ஊர்ச் சீர்

அந்த நகரசபையின் சுகாதாரப் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் யூலியஸ் டாண்ட்லர். வீடு மட்டும் போதாது, அதில் பிறக்கும் குழந்தை பிழைக்க வேண்டும் என்றார். துணியில்லாத வீடுகளில் பிறந்த குழந்தையைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைப்பார்களாம். 1927-லிருந்து, வியன்னாவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நகரசபை ஒரு துணிப் பொட்டலம் கொடுத்தது. துண்டுத்துணிகள், சட்டைகள், போர்வை எல்லாம் அதில் அடக்கம். ஏழை வீடு, பணக்கார வீடு என்று வித்தியாசம் கிடையாது.

இந்த 'எல்லோருக்கும்' என்பதை யோசித்துப் பாருங்கள். ஏழைக்கு மட்டும் என்று வைத்தால் கை நீட்டி வாங்கும் தாய்க்குக் கூச்சம். எல்லோருக்கும் என்றால் அது தாய்வீட்டுச் சீர் மாதிரி. உரிமையோடு வாங்கிக்கொள்ளலாம். என் தங்கைக்கும் இந்தத் தடவை நகரசபையிலிருந்து குழந்தைச் சாமான்களோடு முதுகில் மாட்டும் ஒரு பை வந்தது. அதைத்தான் அவள் எங்கே போனாலும் மாட்டிக்கொண்டு போகிறாள்.

சமையலறை யாருக்கு?

பெண்ணின் வேலையைக் குறைப்பதில் இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சி, வீட்டுக்கு வீடு அடுப்பே வேண்டாம் என்றது. அப்படி ஹைம்ஹோஃப் என்ற ஒரு குடியிருப்பு 1920-களில் எழும்பியது. வேலைக்குப் போகும் தம்பதிகளுக்காக ஒரே பொதுச் சமையலறை. அங்கிருந்து சாப்பாடு வரும். கேட்கவே எவ்வளவு சுகமாக இருக்கிறது! ஆனால் அது மாதிரி மேலும் கட்டவில்லை. குடும்பத்தின் ருசி குடும்பத்தின் அடுப்பில்தான் என்று அங்கேயும் எண்ணியவர்கள் ஜாஸ்தி.

இன்னொரு கட்சி, அடுப்பு இருக்கட்டும், நடையைக் குறைப்போம் என்றது. வியன்னாவில் 1897-ல் பிறந்த மார்கரெட்டே ஷ்யூட்டே லிஹாட்ஸ்கி என்ற கட்டிடக்கலை நிபுணர் இந்தக் கட்சி. வியன்னாவில் வேலை பார்த்த இவரை ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரசபை அழைத்துக்கொண்டது. அங்கே கட்டிய வீடுகளுக்காக 1926-ல் இவர் வரைந்த சமையலறை 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை அடி, தொட்டியிலிருந்து அலமாரிக்கு எத்தனை அடி என்று அளந்து வரைந்தார். உட்கார்ந்து காய் நறுக்க ஜன்னலோரம் ஒரு மேஜை. சுமார் 10,000 வீடுகளில் அதை வைத்தார்கள். இன்று நம் ஃபிளாட்டுகளில் இருக்கும் 'மாடுலர் கிச்சன்' எல்லாம் அதன் பேத்திகள்தாம். அதை வரைந்தபோது அந்த அம்மாளுக்குச் சமைக்கவே தெரியாதாம்! அவரே சொல்லியிருக்கிறார்.

கிட்டத்தட்ட 103 வயசு வாழ்ந்து 2000-ல் மறைந்தார். அதற்கு முன்பே அவர் வழியில் ஒரு காரியம் நடந்துவிட்டது. பெண்களின் தினசரி வாழ்க்கையை வைத்து ஒரு குடியிருப்பு கட்டுவோம் என்று 1993-ல் வியன்னா நகரசபை பெண் நிபுணர்களை மட்டும் அழைத்துப் போட்டி வைத்தது. 1997-க்குள் 357 வீடுகள் கட்டி முடித்தார்கள். இன்று அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தங்கை வீட்டிலிருந்து அது பக்கம்தான். போய்ப் பார்த்தேன். சமையலறையில் நின்றுகொண்டே முற்றத்தில் விளையாடும் குழந்தையைப் பார்க்கலாம். மாடிக்கு மாடி குழந்தை வண்டி நிறுத்த இடம். மாடிப்படியில் பகல் வெளிச்சம். இருட்டில் யாராவது நிற்கிறார்களோ என்று பயப்பட வேண்டாம். பாலர் பள்ளி உள்ளேயே. "இதையெல்லாம் யோசிக்கப் பெரிய படிப்பு வேணுமாக்கா? ஒரு நாள் குழந்தையோட மாடி ஏறினா போதாதா?" என்றாள் தங்கை. உண்மைதான். ஆனால் ஏறியவர்களைக் கேட்டு வரைய எழுபது வருஷம் ஆகியிருக்கிறதே! 1920-களில் இத்தனை ஆயிரம் வீடுகளை வரைந்தவர்களில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கறுப்புப் பக்கங்களும் உண்டு

எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. 1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. குழந்தைகள் விளையாடிய அந்தக் குடியிருப்புகளின் மேல் அரசாங்கப் படை பீரங்கியால் சுட்டது. கார்ல் மார்க்ஸ் ஹோஃபும் தப்பவில்லை. தேர்ந்தெடுத்த நகரசபையைக் கலைத்தார்கள். வீடு கட்டும் திட்டமும் அத்தோடு நின்றது. 1938-ல் நாஜிகள் வந்ததும், யூதக் குடும்பங்களை நகரசபை வீடுகளிலிருந்து துரத்தினார்கள். வாடகையை ஒழுங்காகக் கட்டியவர்கள், முற்றத்தில் அண்டை வீட்டாரோடு பேசிச் சிரித்தவர்கள்! வீடு கொடுக்கும் கை, மனசு கெட்டால் வீட்டைப் பிடுங்கவும் பிடுங்கும் என்பதை இதைப் படித்தபோது எண்ணி நெஞ்சு அடைத்தது.

என் தங்கையைப் போன்ற வெளிநாட்டவர்களுக்கு நகரசபை வீட்டுக்கு வழி திறந்ததும் 2006-ல்தான். ஐரோப்பிய சட்டம் வற்புறுத்திய பிறகு, நீண்ட காலமாக வசிப்பவர்களுக்கு இடம் கிடைத்தது. இப்போதும் புதிதாக ஊருக்கு வருபவருக்கு உடனே வீடு கிடைக்காது. முதலில் சில காலம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். அதுவரை தனியார் வீட்டில்தான் அவஸ்தை. வரிசையும் நீளம்.

இன்னொரு பாடமும் உண்டு. 2004-க்குப் பிறகு நகரசபை தானே வீடு கட்டுவதை நிறுத்திவிட்டது. குறைந்த லாபத்தில் கட்டும் சங்கங்களுக்கு உதவித்தொகை கொடுத்தால் போதும் என்று இருந்தது. ஜனங்கள் பெருகினார்கள், தனியார் வாடகை ஏறியது. 2015-ல் மறுபடி கட்டுவோம் என்று அறிவித்து, 2019-ல் தான் புதுக் குடியிருப்பில் முதல் குடும்பங்கள் நுழைந்தன. இடையில் தேடி அலைந்தவர்களின் வருஷங்களை யார் திருப்பித் தருவது?

இன்றைக்கு எப்படி?

இன்று வியன்னா நகரசபைக்குச் சொந்தமாகச் சுமார் 2,20,000 வீடுகள். ஊரில் நாலில் ஒருவர், ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், அதில் இருக்கிறார்கள். உதவித்தொகை வாங்கும் சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால் ஊரில் பாதிப்பேர். வருமான வரம்பை உயரமாக வைத்திருப்பதால் பள்ளி ஆசிரியை, பஸ் டிரைவர், நர்ஸ், ஆபீஸ் குமாஸ்தா எல்லோரும் ஒரே மாடிப்படியில் ஏறுகிறார்கள். நகரசபை வீட்டில் இருக்கிறேன் என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. பிற்பாடு சம்பளம் உயர்ந்தாலும் வெளியே போகச் சொல்வதில்லை.

பணத்துக்கு இன்றும் வழி வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் ஒவ்வொரு சம்பளத்திலிருந்தும் ஒரு சதவீதம் வீட்டு நிதிக்குப் போகிறது; அரை சதவீதம் வேலை செய்பவர், அரை சதவீதம் முதலாளி. நிலத்தை முன்கூட்டியே வாங்கிப் போட 1984-லிருந்து நகரசபைக்குத் தனி நிதி. 2019-லிருந்து இன்னொரு விதி: புதிதாகக் குடியிருப்புப் பகுதியாக மாற்றும் பெரிய நிலங்களில், மூன்றில் இரண்டு பங்கு குறைந்த வாடகை வீடுகளாக இருக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

சகோதரிகளே, வியன்னா பணக்கார ஊர், அங்கே நடக்கும், இங்கே நடக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் ஆரம்பித்தபோது யுத்தத்தில் தோற்று, சாம்ராஜ்யம் சிதறி, ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஊர் அது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரு நகரசபையோ, வீட்டு வாரியமோ எங்கே வீடு கட்டப் போகிறோம் என்றாலும், எத்தனை வீடு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதன் கூடவே இவற்றையும் கேளுங்கள்:

- வாடகையோ தவணையோ கட்டியபின் பால், மருந்து, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு மிஞ்சும்?
- தண்ணீர் வீட்டுக்குள் வருமா, மாடிக்குத் தூக்க வேண்டுமா?
- சமையலறைக்கு வெளிக்காற்று உண்டா?
- துணி எங்கே உலரும்?
- நடந்து போகும் தூரத்தில் பாலர் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் உண்டா?
- குழந்தை விளையாடும் இடம் தாயின் கண்ணுக்குத் தெரியுமா?
- மாடிப்படியில் ராத்திரி விளக்கு எரியுமா?
- எத்தனை வருஷம் அங்கே நிம்மதியாக இருக்கலாம்?

இவையெல்லாம் சில்லறை விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நகரத் திட்டத்தில் எங்கேயும் வராத இந்தச் சில்லறைகளைக் கூட்டினால்தான் ஒரு பெண்ணின் முழு நாள் வருகிறது. தங்கை வீட்டுப் பாட்டியிடம், "இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்டேன். சுவரையோ முற்றத்தையோ காட்டுவார் என்று பார்த்தேன்.

"எங்க அப்பா செத்தப்போ எனக்கு ஒம்பது வயசு. 'இனிமே எங்கே போவோம்'னு அம்மா ஒரு தடவைகூட அழலே" என்றார்.